குளிரும் குறுந்தூரமும்: மலைநாட்டு வாகனங்களுக்கு எஞ்சின் ஒயில் தெரிவு செய்வதும் கசட்டைத் தவிர்ப்பதும்

தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாவிலோ நானுஓயாவிலோ நிறுத்தி வைத்த வாகனத்தின் பொனட்டைத் திறந்து, ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றினால், அதன் உட்புறத்தில் வெண்ணெயில் தேநீர்ச் சாயம் கலந்தாற்போல் ஒரு பசை படிந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். கண்டவுடன், கூலன்ட் ஒயிலோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் கெஸ்கட் போய்விட்டதென்று பதறிக் கராஜுக்கு ஓடுவோரும் உண்டு. துணியால் துடைத்து மூடியைப் பூட்டிவிட்டு மறந்துபோவோரும் உண்டு. இரண்டுமே சரியன்று. கூலன்ட் போத்தலில் மட்டம் குறையாமல், அளவுக் கம்பியில் ஒட்டிவரும் ஒயில் தெளிவாக இருந்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரும் வெண்புகை தொடராமல் இருந்தால், அந்தப் பசை ஹெட் கெஸ்கட்டின் குற்றம் அன்று. எஞ்சினுக்குள் உண்டான நீராவி குளிர்ந்த மூடியில் ஒடுங்கி, ஒயிலோடு கலந்து திரண்டிருக்கிறது. முக்கால் மணி நேரம் ஏற்றத்தில் ஓட்டிவிட்டு மீண்டும் பார்த்தால் அதில் பெரும்பகுதி மறைந்திருக்கும். மறைந்துவிட்டது என்பதற்காக நிம்மதி அடைய வேண்டியதில்லை. அந்த எஞ்சின் அன்றாடம் தனக்கு வேண்டிய சூட்டை அடையாமலே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று; கசடு என்னும் நோய் தொடங்கும் இடமும் அதுவே.

மலைநாட்டு வாகனங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஏற்றத்தையும் பாரத்தையும் சூட்டையுமே நினைக்கிறோம். இறம்பொடை வளைவுகளிலோ கினிகத்தேனை ஏற்றத்திலோ முதலாம், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் வாகனத்தைப் பார்ப்பவருக்கு அந்த எண்ணம் வருவது இயல்பே. ஆனால் இங்குள்ள எஞ்சின்கள் பலவற்றைத் திறந்து பார்த்தால், சூட்டினால் கெட்டவற்றைவிடச் சூடு போதாமல் கெட்டவையே மிகுதி என்பது என் அனுபவம். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு 5 கிலோமீற்றர், பட்டணத்திலிருந்து பாடசாலைக்கு 3 கிலோமீற்றர், இடையில் அரை மணி நேரம் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருத்தல் என்ற ஓட்டமே இங்கு வழக்கம். ஒயில் தெரிவு, மாற்றும் காலம், பராமரிப்பு ஆகிய மூன்றையும் இந்த ஓட்டத்தை மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

கசடு திரளும் விதம்

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது. அதில் பெரும்பங்கு ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. குளிர் காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுவது அதுதான். எஞ்சிய சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, எரிவாயுக்களோடும் எரியாத பெற்றோலோடும் கலந்து, கீழே ஒயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்குகிறது. எஞ்சின் முழுச் சூட்டில் ஓடினால், இறங்கிய நீரும் பெற்றோலும் மீண்டும் ஆவியாகி, காற்றுப்போக்கிக் குழாய் வழியே உள்ளிழுக்கப்பட்டு எரிந்துவிடுகின்றன. சூடு போதாவிட்டால் அவை ஒயிலிலேயே தங்கிவிடும். தங்கிய நீர், எரிவாயுவில் உள்ள நைதரசன் ஒட்சைட்டுகளோடும் எரிபொருளின் கந்தகத்தில் பிறந்த வாயுக்களோடும் சேர்ந்து அமிலமாகிறது. ஒயிலில் கலந்துள்ள காரச் சேர்மானங்கள் இந்த அமிலத்தை நடுநிலைப்படுத்திக்கொண்டே வரும். வேறு சில சேர்மானங்கள் கரித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து வைத்திருக்கும். இந்தச் சேர்மானங்கள் தீர்ந்துபோகும் நாள் ஒன்று வரும். அதன் பிறகு துகள்கள் திரண்டு, முதலில் கூழாகவும் பின்னர் தாராகவும் வால்வு மூடியின் கீழும் சம்ப்பின் அடியிலும் படியத் தொடங்கும்.

மறுபக்கம் சூட்டினால் உண்டாகும் கசடும் இருக்கிறது. ஒயில் காற்றோடு சேர்ந்து ஒட்சியேற்றமடையும் வேகம், வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் கூடும்போதும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. டர்போ பொருத்திய 660 சீசீ சிறு வான்கள், பாரமேற்றிய லொறிகள், ஒயில் மட்டம் குறைந்த நிலையில் ஓடும் எந்த வாகனமும் இந்த வகைக்குள் வரும். அமைப்பே இதற்கு இடம் கொடுத்த எஞ்சின்களும் இருந்திருக்கின்றன. 1997 முதல் 2002 வரையான மொடல்களில் டொயோட்டா நிறுவனத்தின் இரண்டு பெற்றோல் எஞ்சின் வகைகளில் கசடு திரண்டு, அமெரிக்காவில் பெரும் முறைப்பாடுகள் எழுந்தன. உரிமையாளர்கள் ஒயிலை ஒழுங்காக மாற்றாததே காரணம் என்று முதலில் கூறிய நிறுவனம், 2002 இல் ஏறத்தாழ 33 இலட்சம் வாகனங்களுக்கு, முதல் விற்பனையிலிருந்து 8 ஆண்டுகள் வரை அந்தப் பழுதைத் தானே திருத்திக் கொடுக்க முன்வந்தது. நல்ல பெயருள்ள எஞ்சின் என்ற ஒரே நம்பிக்கையில் ஒயிலை மறந்துவிடலாகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

தேர்மோஸ்டற் கழற்றிய கதை

கொட்டகலைப் பக்கத்தில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஒன்றை எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் வைத்திருந்தார். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கிறது என்று அதை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த பாஸ், எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டர் நீரை அடைத்து வைக்கும் வால்வான தேர்மோஸ்டற்றைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நம்ம குளிருக்கு இது எதுக்கு தம்பி, இது இல்லாமலே வண்டி நல்லா ஓடும்" என்றார். உண்மையாகவே வான் கொதிப்பதை நிறுத்தியது. ஆனால் அன்று முதல் வெப்பமானியின் முள் அடிக்கோட்டுக்குச் சற்று மேலேயே நின்றது; பெற்றோல் செலவு கூடியது; ஒன்றரை ஆண்டு கழிந்தபோது, வாகனம் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் வேளைகளில் ஒயில் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. சம்ப்பைக் கழற்றியபோது, ஒயிலை உறிஞ்சும் குழாயின் வலை, கசிந்து உறைந்த கறுப்புப் பசையால் முக்கால்வாசி அடைபட்டிருந்தது.

நடந்தது என்னவென்று பின்னோக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் தெளிவாகத் தெரிகிறது. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கூலன்ட் ஊற்றாமல் பீலித் தண்ணீரை நிரப்பி, ரேடியேட்டர் மூடியின் இரப்பர் வளையமும் தளர்ந்து அழுத்தத்தைத் தாங்காமல் போனால், ஏற்றத்தில் கொதிப்பதற்குக் கேட்பானேன். மாற்ற வேண்டியிருந்தவை மூடியும் தண்ணீரும், தண்டிக்கப்பட்டது தேர்மோஸ்டற். பல ஜப்பானிய எஞ்சின்களில் அது ஏறத்தாழ 82 பாகையில் திறக்கும்படி அமைந்திருக்கிறது. அது இல்லாதபோது குளிர்ந்த நீர் முதல் நிமிடத்திலிருந்தே எஞ்சினைச் சுற்றி ஓடுகிறது. எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறதென்று எண்ணும் கணினி, கூடுதலாகப் பெற்றோலைச் செலுத்துகிறது. அந்தக் கூடுதல் பெற்றோலில் ஒரு பங்கு ஒயிலுக்குள் இறங்குகிறது. ஆகவே பழைய வாகனம் ஒன்றை வாங்கியவர் முதலில் செய்ய வேண்டிய சோதனை, புறப்பட்டு 10 நிமிடங்களுக்குள் வெப்பமானியின் முள் தன் வழக்கமான இடத்துக்கு வந்து, இறக்கத்தில் ஓடும்போதும் அங்கேயே நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பதே. இறக்கத்தில் முள் விழுந்துவிட்டால், தேர்மோஸ்டற் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. முள்ளுக்குப் பதிலாக நீல விளக்கு மட்டுமே உள்ள வாகனங்களில், அந்த விளக்கு அணையப் பிடிக்கும் நேரத்தைக் கவனிக்கலாம்.

முள் நடுவில் நிற்பதால் ஒயிலும் சூடாகிவிட்டது என்று கொள்ள முடியாது. ஒயில் நீரைவிட மெதுவாகவே சூடேறும். நீர் சூடேறப் பிடித்த நேரத்தின் இரு மடங்கும் ஆகலாம். அதனால்தான் ஐந்தாறு கிலோமீற்றர் ஓட்டத்தில், முள் சரியாக நின்றபோதும், ஒயிலில் உள்ள நீர் வெளியேறுவதில்லை. மின்மோட்டாரும் எஞ்சினும் சேர்ந்த கலப்பின (ஹைபிரிட்) வாகனங்களில் இது இன்னும் மோசம். நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும் வழியில் எஞ்சின் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். பயணத்தில் எத்தனை கிலோமீற்றர் கணக்கிட்டாலும் எஞ்சினுக்குச் சூடு கிடைப்பதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது ஏற்றம் கலந்த பாதையில் முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுவது இதற்கு எளிய மருந்து. நுவரெலியாவில் இருப்பவர் வெலிமடைக்குப் போனால், போகும் இறக்கம் அல்ல, திரும்பி ஏறும் ஏற்றமே எஞ்சினுக்கு நன்மை செய்கிறது. காலையில் 15 நிமிடம் நிறுத்தி வைத்து எஞ்சினைச் சூடாக்கும் பழக்கத்தையோ கைவிட வேண்டும். பாரமில்லாத எஞ்சின் மெதுவாகவே சூடேறும். அதுவரை பெற்றோல் செறிந்த கலவையே எரியும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் பொறுத்து, முதல் சில கிலோமீற்றரை மிதமாக ஓட்டுவதே சரி.

எந்த ஒயில்?

கேனின்மேல் 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால், முதல் எண் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 பாகைச் சூட்டில் அதன் பாகுத்தன்மை எவ்வளவு என்பதையும் காட்டுகின்றன. இடையில் உள்ள எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. 20டபிள்யூ என்ற ஒயிலைக்கூட எஞ்சின் சுழலும் தன்மைக்காக உறைநிலைக்குக் கீழே 15 பாகையில் சோதிக்கிறார்கள்; 5டபிள்யூவுக்கு அது உறைநிலைக்குக் கீழே 30 பாகை. தரையில் வெள்ளைப் பனி பூக்கும் நம் காலைகளும் இதற்கு அருகில் வருவதில்லை. ஆகவே குளிருக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது என்ற அச்சத்தில் முதல் எண்ணைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை. எனினும் 5 பாகைக் குளிரில் 0டபிள்யூ, 5டபிள்யூ ஒயில்கள் மேலே வால்வுகளை இயக்கும் கேம் தண்டுவரை விரைவாக ஏறிவிடுகின்றன, தடிப்பானவை தாமதிக்கின்றன. நாளுக்கு நான்கைந்து முறை குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்பவருக்கு இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கது.

இரண்டாவது எண்ணில்தான் நம்மவர்கள் பலர் தவறுகிறார்கள். "மலை ரோட்டுக்குத் தடிப்பான ஒயில்தான் தாங்கும்" என்று 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றும் வழக்கம் இன்னும் மாறவில்லை. அந்த எஞ்சினின் ஒயில் வழிகள் மெல்லியவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு ஒயில் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. தடித்த ஒயில் அங்கே தாமதமாகப் போய்ச் சேருகிறது; குளிரில் பம்ப்புக்கும் சுமை கூடுகிறது. கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முதல் விதி. அதேவேளை பல கையேடுகள் ஒரே தரத்தோடு நிற்காமல், 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று ஒரு வரிசையைத் தந்து, பாரமும் வேகமும் மிகுந்த ஓட்டத்துக்குப் பாகுத்தன்மை கூடியதைப் பயன்படுத்தலாம் என்றும் குறிப்பிடுகின்றன. அப்படி இடம் கொடுத்திருந்தால், முழுப் பயணிகளோடு தினமும் மலையேறும் வாகனத்துக்கு நான் 5டபிள்யூ-30 ஐயே தெரிவு செய்வேன்; தனியாக வேலைக்குப் போய்வரும் கலப்பினக் காருக்கு 0டபிள்யூ-20 ஐ விட்டு விலக மாட்டேன். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த வாகனங்களின் கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தாலும், எண்களைப் படிக்க மொழி தேவையில்லை. பராமரிப்புப் பக்கத்தில் அந்த வரிசை அச்சிட்டே இருக்கும். சில வாகனங்களில் ஒயில் மூடியிலேயே தரம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பாகுத்தன்மைக்கு அடுத்து கேனில் பார்க்க வேண்டியது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் ஏ.பி.ஐ. தரம். பெற்றோல் எஞ்சின்களுக்கு எஸ் என்ற எழுத்தில் தொடங்கி, அடுத்த எழுத்து அகரவரிசையில் முன்னேறிக்கொண்டே போகிறது. எஸ்.எல். 2001 ஆம் ஆண்டுக்குரியது, எஸ்.என். 2010 இல் வந்தது; எஸ்.பி. 2020 இல் வந்தது. புதியது பழையதன் இடத்தை நிரப்பும்; பழையது புதியதன் இடத்தை நிரப்பாது. எஸ்.எப்., எஸ்.ஜி. என்று எழுதிய கேன்கள் சிறு பட்டணக் கடைகளின் தட்டில் இன்னும் இருந்தால், விலை குறைவென்று அவற்றை வாங்கிக் காருக்கு ஊற்றக்கூடாது. கசட்டைத் தடுக்கும் சோதனைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் கடுமையாகியிருக்கின்றன. டீசலுக்கு சீ என்ற எழுத்து. பழைய டீசல் வான்களுக்கும் லொறிகளுக்கும் சீ.ஐ.-4 தரத்தில் 15டபிள்யூ-40 பெரும்பாலும் பொருந்தும். புகைக்குழாயில் கரிவடி பொருத்திய புதிய டீசல் வாகனங்களுக்குச் சாம்பல் குறைந்த ஒயில் வேண்டும். அதில் கையேட்டை மீறக் கூடாது. சாதாரண ஒட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் கூடுதல் என்பதால், அதையே ஊற்றி ஓடுபவர் ஒயில் மாற்றும் காலத்தை நீட்டாமல் இருப்பது நல்லது. டீசல் வாகனத்தில் புது ஒயில் ஓரிரு நாளிலேயே கறுத்துவிடும். அது கரித்துகளைத் தன்னுள் வைத்திருக்கிறது என்பதே அதன் பொருள். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

சிந்தெட்டிக் ஒயில் வாங்குவதா, மினரல் ஒயில் போதுமா என்ற கேள்விக்கு என் விடை இது: சூட்டினால் வரும் கசட்டுக்குச் சிந்தெட்டிக் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், எனவே டர்போ வாகனங்களுக்கு அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. குறுந்தூர ஓட்டத்தில் இறங்கும் நீரையும் பெற்றோலையும் எந்த ஒயிலாலும் மாயமாக்க முடியாது. விலையுயர்ந்த சிந்தெட்டிக்கை ஊற்றிவிட்டு 10,000 கிலோமீற்றர் இழுத்தடிப்பதைவிட, சரியான தரமுள்ள மலிவான ஒயிலை 5,000 இல் மாற்றுவது நம் ஓட்டத்துக்கு மேலானது. எந்த ஒயிலானாலும், முத்திரை உடைந்த கேனையும் பீப்பாவிலிருந்து அளந்து ஊற்றும் பெயர் தெரியாத ஒயிலையும் தவிர்க்க வேண்டும்.

முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் கார் ஒயிலைப் பயன்படுத்தக்கூடாது. அவற்றில் பலவற்றில் கிளட்ச்சும் கியரும் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து இயங்குகின்றன. கார் ஒயிலில் உராய்வு குறைக்கச் சேர்த்த பொருட்கள் கிளட்ச்சை வழுக்கச் செய்யும். கேனில் ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒயில் தரமான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும்.

எப்போது மாற்றுவது?

சேவிஸ் நிலையத்தில் கதவோரம் ஒட்டும் அட்டையில் அடுத்த மாற்றத்துக்கான கிலோமீற்றரை எழுதிக் கொடுக்கிறார்கள். கிலோமீற்றர் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. அதிவேகப் பாதையில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் 5,000 கிலோமீற்றர் ஓட எஞ்சினுக்கு ஏறத்தாழ 62 மணித்தியாலம் போதும். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில், பஸ்களின் பின்னாலும் பனிமூட்டத்திலும் காத்திருந்து, சராசரியாக 20 கிலோமீற்றர் வேகத்தில் அதே தூரத்தை ஓடினால் 250 மணித்தியாலம் வேண்டும். அட்டையில் உள்ள எண் ஒன்றாக இருந்தாலும் ஒயில் உழைத்த நேரம் நான்கு மடங்கு. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் அங்குலம் அங்குலமாக வாகனத்தை நகர்த்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் கிலோமீற்றர்மானி ஏறவில்லை, எஞ்சினோ பலமுறை ஸ்டார்ட் ஆகி அணைந்தது.

தயாரிப்பாளர்களும் இதை அறிவார்கள். ஜப்பானியக் கையேடுகளில் கடினமான ஓட்டம் என்று தனியாக ஒரு வகை உண்டு. மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குவதும், ஒரு பயணத்துக்கு 8 கிலோமீற்றருக்கு உட்பட்ட குறுந்தூரங்களைத் திரும்பத் திரும்ப ஓடுவதும் அந்த வகைக்குள் அடங்கும். நாம் இரண்டையும் ஒருங்கே செய்கிறோம். டொயோட்டாவின் ஜப்பானிய அட்டவணைப்படி, சாதாரண பெற்றோல் எஞ்சினுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓர் ஆண்டு என்பது, கடினமான ஓட்டத்தில் 7,500 கிலோமீற்றர் அல்லது 6 மாதமாகக் குறைகிறது. டர்போ எஞ்சினுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம் என்பது 2,500 கிலோமீற்றர் அல்லது 3 மாதமாகிறது. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. இறக்குமதித் தடை 2020 இல் தொடங்கி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது என்பதால், நம் பாதைகளில் ஓடும் எஞ்சின்களில் பெரும்பாலானவை வயதானவை; வளையங்கள் தேய்ந்து, கீழே இறங்கும் வாயுவும் கூடியிருக்கும். இவற்றையெல்லாம் கருதி, டர்போ இல்லாத பெற்றோல் வாகனத்துக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது 6 மாதம் என்று வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன். மாதம் 300 கிலோமீற்றர்கூட ஓடாதவர் 6 மாதத்தில் 1,800 தான் ஓடியிருக்கிறோமே என்று தயங்குவார். அவருடைய ஒயில்தான் முதலில் மாற்ற வேண்டிய ஒயில்.

மாற்றும்போது எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். அப்போதுதான் மிதக்கும் அழுக்கும் ஒயிலோடு சேர்ந்து இறங்கும். வாகனம் சமதளத்தில் நிற்க வேண்டும். நம் ஊரில் அப்படி ஓரிடம் கண்டுபிடிப்பது ஒயில் மாற்றுவதைவிடக் கடினம் என்றாலும், சாய்ந்த நிலையில் வடித்தால் பழைய ஒயில் உள்ளே தங்கும், அளவுக் கம்பியும் பொய் சொல்லும். பில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுவது நன்று. பழைய பில்டரின் இரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன்மேல் புதியதைப் பூட்டினால் ஒயில் முழுவதும் வெளியே பாய்ந்துவிடும். வடியும் ஆணியின் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். ஊற்றிய பின் ஒரு நிமிடம் ஓட விட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து அளக்க வேண்டும். மட்டம் மேல்கோட்டைத் தாண்டக்கூடாது. ஆனால் செங்குத்தான பாதையில் ஒயில் ஒருபுறம் சாய்ந்து உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும் ஆபத்து உள்ளதால், மட்டத்தை மேல்கோட்டை ஒட்டியே வைத்திருப்பது நல்லது.

இடைக்காலத்தில் பார்க்க வேண்டியவை

அளவுக் கம்பியை வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்கும் பழக்கம் எந்த விலையுயர்ந்த ஒயிலைவிடவும் பயனுள்ளது. மட்டம் குறைவதைப் பலர் கவனிப்பார்கள். கூடுவதைக் கவனிப்போர் குறைவு. ஊற்றாமலே மட்டம் ஏறினால் பெற்றோலோ நீரோ கலக்கிறது. கம்பியை முகர்ந்தால் பெற்றோல் வாடை தெரியும். அப்போது தேர்மோஸ்டற்றையும் ஸ்பார்க் பிளக்குகளையும் சோதிக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் கியரின் தடையில் இறங்கி, அடிவாரத்தில் அக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் நீலப் புகை வந்தால், வால்வுத் தண்டின் சீல்கள் தளர்ந்து ஒயிலை உள்ளே விடுகின்றன.

வால்வு மூடியிலோ அதன் அருகிலோ உள்ள பி.சி.வி. வால்வு சிறிய பொருள், விலையும் அதிகமன்று. எஞ்சினுக்குள் இறங்கும் ஆவியையும் வாயுவையும் வெளியே இழுப்பது அதுவே. அது அடைபட்டால், மேலே சொன்ன முயற்சி அனைத்தும் வீண். கழற்றக்கூடிய இடத்தில் இருந்தால், கழற்றிக் குலுக்கும்போது உள்ளே தட்டும் ஓசை கேட்க வேண்டும். குழாயோடு இணைத்து எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, வாயில் விரலை வைத்தால் இழுப்பது தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புதிதாக மாற்றிவிடலாம். பல கராஜ்களில் கேட்டாலொழிய இதைத் தொட மாட்டார்கள்.

ஏற்கெனவே கசடு திரண்ட எஞ்சினை என்ன செய்வது? மண்ணெண்ணெயை ஊற்றி ஓடவிட்டுக் கழுவும் பழைய வழக்கத்தை முற்றாகத் தவிர்க்க வேண்டும். பெயரிங்குகளுக்கு வேண்டிய படலத்தை அது அழித்துவிடும். கடையில் விற்கும் கழுவும் திரவங்களிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. மெல்லிய படிவு உள்ள எஞ்சினில் அவை தீங்கு செய்யாமல் போகலாம். தடித்த கசடு உள்ளதில், பெயர்ந்துவரும் கட்டிகள் நேராக உறிஞ்சு குழாயின் வலையில் போய் அடைக்கின்றன. செலவானாலும் வால்வு மூடியையும் சம்ப்பையும் கழற்றி, கையால் சுரண்டித் துடைத்து, வலையைக் கழுவி, புதிய கெஸ்கட்டுகளோடு பூட்டுவதே உறுதியான வழி. அதன் பின் கையேட்டில் உள்ள தரத்தில் நல்ல ஒயிலை ஊற்றி, 1,000 முதல் 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை பில்டரோடு சேர்த்து மூன்று தடவை மாற்றினால், எட்டாத மூலைகளில் உள்ள படிவையும் புது ஒயில் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு வரும். கொட்டகலை வானுக்கு அப்படித்தான் செய்தோம். தேர்மோஸ்டற்றையும் ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போட்டு, பீலித் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றினோம். ஓடும்போது ஒயில் விளக்கு எரிந்தால் மட்டும் இந்த நிதானம் எதுவும் வேண்டாம். எந்த வளைவாயினும் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும்.

வடித்த பழைய ஒயிலைக் கானுக்குள்ளோ தேயிலை மலையின் ஓடைக்குள்ளோ ஊற்றுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் ஓடைக்குள் ஊற்றுவது மவுசாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள் வழியே களனி கங்கைக்குப் போகிறது. கொழும்பின் குடிநீரில் பெரும்பங்கு அந்தக் கங்கையிலிருந்தே எடுக்கப்படுகிறது. தலவாக்கலையில் ஊற்றுவது கொத்மலை வழியாக மகாவலியில் சேர்கிறது. புது ஒயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய ஒயிலைச் சேகரித்து விற்கும் சேவிஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம். பில்டரைக் கவிழ்த்து ஓர் இரவு வடிய விட்டால் அதிலிருந்தும் ஒரு கோப்பை அளவு ஒயில் கிடைக்கும்.